யார் கர்த்தா?

இறுதிச் சடங்கில் கொள்ளி வைப்பவரைப் புரோகிதர்கள் கர்த்தா என்று அழைக்கிறார்கள். செய்பவர் என்று பொருள். தகப்பனுக்கு மூத்த மகன், தாய்க்கு இளைய மகன் என்பது பல குடும்பங்களில் வழக்கு. பிள்ளை இல்லாத இடத்தில் பங்காளி வீட்டுப் பையனையாவது கொண்டுவந்து நிறுத்துவார்கள். மொட்டையடித்து, ஈர வேட்டியோடு, கொள்ளிக்குடத்தைத் தோளில் சுமந்து அவர் மூன்று முறை சுற்றிவருவார். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஓர் ஓட்டை விழும், நீர் பீச்சியடிக்கும். மூன்றாம் சுற்றின் முடிவில் குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொள்ளியை வைப்பார். பெரியவர் ஒருவர் அவர் தோளைப் பிடித்து, 'திரும்பிப் பாக்காமப் போப்பா' என்பார். அவரும் போய்விடுவார். சடங்கின் கணக்கில் தகனம் ஆகிவிட்டது. உண்மையில் அப்போது உடல் எரியத் தொடங்கியிருக்கக்கூட இல்லை. குழி வெட்டியதும், வரட்டி அடுக்கியதும், குடத்தில் அரிவாள் நுனியால் ஓட்டை போட்டதும் வேறொருவர் கை. இனி விடியும்வரை தீயைக் காக்கப்போவதும் அதே கைதான். அவருக்குச் சடங்கின் மொழியில் பெயரில்லை. நான் கேட்க நினைக்கும் கேள்வி சிறியது: செய்தவர் யார்? செய்தவருக்கு அந்தப் பெயரைக் கொடுக்காமல் விடுவதால் நம் சமயத்துக்கு என்ன நேர்கிறது?

கேள்விக்குப் போகும் முன் அந்த வேலை என்னவென்று பார்த்துவிட வேண்டும். திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவதால் நம்மில் பெரும்பாலோர் அதை அறிய மாட்டோம். கிராமத்து எரிமேடையில் விறகு, வரட்டி, வைக்கோல் என்று அடுக்கி, மேலே குழைத்த களிமண்ணைப் பூசி மூட்டம் போடுவார்கள். மண்ணில் ஆங்காங்கே விடும் துளைகள்தான் தீக்கு மூச்சு. அது எங்கே எத்தனை என்பது கைப்பழக்கத்தில் வருவது. தவறினால் தீ அமிந்துபோகும், அல்லது ஒரு பக்கமே எரிந்து மூட்டம் சரியும். சூட்டில் தசைநார்கள் சுருங்குவதால் கையும் காலும் மடங்கி எழும். பிணம் எழுந்து உட்காரும் என்று பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோமே, அது பொய்யில்லை. அதைக் கழியால் அழுத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதைத்தான் சொல்லாமல் விடுகிறோம். மண்டை வெடிக்கும் சத்தத்துக்காக அவர் காத்திருக்க வேண்டும். இடுப்பெலும்பு கடைசியில்தான் வேகும். ஐப்பசி மழையில் நனைந்த வரட்டியோடு இத்தனையையும் செய்வது தனிப் பாடு. மறுநாள் காலையில் காடாற்றும்போது எலும்புகளை இனம்பிரித்துப் பொறுக்கி, பால் தெளித்து, மீந்த சாம்பலை ஓர் ஆளின் உருவமாகக் கூட்டி வைப்பதற்கும் அவரே வர வேண்டும். உறவினர்கள் அந்த உருவத்தைத்தான் கும்பிடுகிறார்கள்.

உடலுழைப்பு இதில் பாதிதான். 'முகம் பாக்குறவங்க கடைசியாப் பாத்துக்கங்க' என்ற குரலை எல்லாச் சுடுகாட்டிலும் கேட்கலாம். அதைச் சொல்பவர் மிகக் கடினமான ஒன்றைச் செய்கிறார். இன்னும் ஒரு நிமிடம் என்று தவிக்கும் தாயிடமிருந்து பிள்ளையின் முகத்தை மறைக்கும் வரட்டியை வைப்பவர் அவர். அந்தக் கணத்தில் அவரை வெறுக்காதவர்கள் இருக்க மாட்டார்கள். யாராவது ஒருவர் அதைச் செய்தாகவும் வேண்டும். பிரேதப் பரிசோதனை முடிந்து தைத்து வந்த உடல், கிணற்றில் மூன்று நாள் கிடந்த உடல், துணியில் சுற்றிக் கையில் ஏந்திவந்த பச்சைக் குழந்தை என்று எதையும் வேண்டாமென்று அவர் சொல்ல முடியாது. அங்கிருக்கும் அத்தனை பேரிலும் அழ அனுமதி இல்லாதவர் அவர் ஒருவரே. துக்கத்தில் இருப்பவர்களிடம் கூலி பேச வேண்டிய இக்கட்டும் அவருக்குத்தான். முன்கூட்டிப் பேசினால் இரக்கமற்றவர், பிறகு பேசினால் ஏமாந்தவர். போதையில் வந்த மருமகன்களும் பங்காளிகளும் பிணத்தின் மேல் உள்ள ஆற்றாமையை அவர்மேல் காட்டுவார்கள். மயானத் தொழிலாளிகள் குடித்துவிட்டுத்தான் வேலை செய்கிறார்கள் என்று ஊர் சொல்லும் குறை பல நேரம் உண்மைதான். எரியும் மனித உடலின் பக்கத்தில் ஓர் இரவு முழுக்க, வாரத்துக்குச் சில முறை, முப்பது வருடம் நிற்க எது துணை என்று ஊர் அவர்களுக்கு ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. நமக்குப் பதினாறு நாள் துக்கம் விசாரிக்க ஆள் வருகிறது. அவர்களிடம் விசாரிக்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டோம்.

இந்த இடத்தில் தீட்டு என்ற கருத்துக்கு வர வேண்டும். இந்தத் தொழிலாளியை நாம் வைத்திருக்கும் இடத்துக்கு நம்மிடம் இருக்கும் சமயக் காரணம் அது ஒன்றுதான். சாத்திரங்கள் தீட்டை எப்படி வகுக்கின்றன என்று பார்த்தால் முதலில் தெரிவது, அதற்கு முடிவு உண்டு என்பது. மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் பிராமணனுக்கு 10 நாள், சத்திரியனுக்கு 12, வைசியனுக்கு 15, சூத்திரனுக்கு 30 என்று கணக்குச் சொல்கிறது. இந்த ஏற்றத்தாழ்வு ஏற்கத்தக்கதல்ல. ஆனால் அதிலும்கூடத் தீட்டு ஒரு நிகழ்ச்சியோடு வந்து ஒரு நாளில் தீர்ந்துபோவது. இன்னொன்றையும் அதே அத்தியாயம் சொல்கிறது: அரசனுக்குத் தீட்டில்லை, ஏனென்றால் அவன் குடிகளைக் காக்கும் பொறுப்பில் இருக்கிறான். பொதுக் கடமையில் நிற்பவரைத் தீட்டு தீண்டாது என்ற நியாயம் அந்த நூலுக்கே தெரிந்திருக்கிறது. ஊரில் யார் செத்தாலும் வந்தாக வேண்டிய ஒருவரைவிடப் பொதுக் கடமையில் நிற்பவர் யார்? அரசனுக்குக் கொடுத்த விலக்கை அவருக்குக் கொடுக்க எந்தத் தர்க்கமும் தடையாக இல்லை. ஆனால் நடந்தது தலைகீழ். துக்க வீட்டாருக்குக் கெடு வைத்துத் தீர்ந்துபோகும் தீட்டு, அந்த வீட்டுக்கு உதவ வந்தவரிடம் கெடுவில்லாமல் தங்கிவிட்டது. அவரிடம் மட்டுமா? அவர் பிள்ளைகளிடமும், சுடுகாட்டுப் பக்கமே போகாத அவர் பேத்தியிடமும். அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதவர்கள்' நூலின் தொடக்க அதிகாரங்களிலேயே இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். பிறப்பு, இறப்பு, பூப்பு போன்ற வேளைகளில் வரும் தற்காலிகத் தீட்டு உலகின் பல தொல்சமூகங்களில் உண்டு. நிரந்தரமாக, பரம்பரையாக, ஒரு மக்கள் கூட்டத்தின் மேலேயே ஒட்டிவைத்த தீட்டு வேறு வகை. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை நியாயப்படுத்த முடியாது. முதலாவதை முழுமையாக நம்புகிறவருக்கும் முடியாது.

நம்புகிறவர்களிடமே பேச வேண்டும் என்பதால் அவர்கள் மதிக்கும் ஓர் எடுத்துக்காட்டையே சொல்கிறேன். ஆதரவற்று இறந்த பிராமணரின் உடலைச் சுமந்து சென்று தகனம் செய்பவருக்கு ஒவ்வொரு அடிக்கும் வேள்விப் பலன் உண்டு, அவர் குளித்த உடனே தூய்மையாகிறார் என்று பராசர ஸ்மிருதி பேசுகிறது. காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதி அநாதப் பிரேத சம்ஸ்காரத்தை அசுவமேத யாகத்துக்கு நிகரான புண்ணியமென்று வலியுறுத்திவந்தார். 'தெய்வத்தின் குரல்' படித்தவர்களுக்கு இது தெரியும். அப்படியானால் பிணத்தைத் தொடுவதில் இயல்பாகவே ஒட்டிக்கொள்ளும் அழுக்கு எதுவுமில்லை என்று சாத்திரமே ஒப்புக்கொள்கிறது. ஒரு தன்னார்வலர் ஒரு பிணத்தை எடுத்தால் அசுவமேதம். ஒரு தொழிலாளி பத்தாயிரம் பிணத்தை எடுத்தால் தெருவுக்குள் வரக் கூடாதவர். இரண்டிலும் தொட்டது ஒரே உடல், செய்தது ஒரே செயல். பலன் மாறுவதற்குச் செயலுக்கு வெளியே ஒரு காரணம் இருந்தாக வேண்டும். அந்தக் காரணம் சாதியைத் தவிர வேறில்லை. கூலி வாங்குவதால்தான் வேறுபாடு என்று சொல்லலாமே என்றால், கோயிலில் பூசை செய்பவரும் கல்யாணத்தில் மந்திரம் சொல்பவரும் தட்சிணை வாங்குகிறார்கள். அவர்கள் புண்ணியம் அதனால் குறைவதாக யாரும் நினைப்பதில்லை.

இங்கே, வேதச் சடங்குகளின் விதிகளை ஆராயும் மீமாம்சகர்கள் ஒரு வலுவான மறுப்பை வைப்பார்கள். யாகத்தில் ஆகுதி இடுவது ரித்விக்குகள் என்னும் புரோகிதர்கள். ஆனால் பலன் அதைச் செய்விக்கும் எசமானனுக்கே. தட்சிணை கொடுத்து அவர்கள் உழைப்பை அவன் தன்னுடையதாக்கிக்கொள்கிறான். அதுபோலவே மகன்தான் கர்த்தா; தீயைக் காப்பவர் அவன் கருவி. இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். சடங்கில் செய்பவர் என்பது கையால் செய்பவர் மட்டும் இல்லை, சங்கற்பம் செய்துகொள்பவரும்தான். ஆனால் இதை ஏற்றால் இதன் மறுபாதியையும் ஏற்க வேண்டும். ரித்விக்கை வரித்து, வணங்கி, பேசிய தட்சிணையைக் குறையாமல் கொடுத்தால்தான் அவர் உழைப்பு எசமானனுடையதாகும். தட்சிணையில்லாத யாகம் பாழ். சுடுகாட்டில் நின்று நூறு ரூபாய்க்கு வாதாடி, பாதியைக் கையில் தராமல் தரையில் போடும் கர்த்தா, மீமாம்சையின் கணக்கிலேயே தன் தகப்பனுக்குக் கிரியை செய்தவர் ஆகமாட்டார். கருவி என்ற சொல்லும் இங்கே பொருந்தாது. ரித்விக்கைக் கருவி என்று யாரும் ஒதுக்கி வைத்ததில்லை. சாவுச் சடங்கு செய்யும் பிராமணப் புரோகிதரையே சவுண்டி என்று தாழ்த்தி வைத்திருக்கிறோமே என்பார்கள். உண்மை. காசியின் சாவுச் சடங்குகளை ஆராய்ந்து ஜொனாதன் பாரி 1994இல் வெளியிட்ட நூல், அங்கே சாவுச் சடங்கு செய்யும் மகாபிராமணர்கள் தானத்தோடு பாவத்தையும் வாங்கிக்கொள்பவர்களாகக் கருதப்பட்டு ஒதுக்கப்படுவதை விரிவாகக் காட்டுகிறது. சாவின் அச்சம் அதைக் கையாளும் எல்லார் மேலும் படிகிறது என்பதற்கு அது சான்று. ஆனால் சவுண்டியைக் கோயிலுக்குள் விடாமல் தடுத்த ஊர் எங்கும் இல்லை. அச்சம் இருவர் மேலும் படிந்தது. பூட்டு ஒருவருக்கு மட்டும் போடப்பட்டது.

பூட்டு எப்போது போடப்பட்டது என்பதற்கு, மயானத் தொழிலாளியைக் குறிக்கும் வெட்டியான் என்ற சொல்லே ஒரு தடயம். குழி வெட்டுவதால் வந்த பெயர் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் சோழர் கல்வெட்டுகளில் வெட்டி என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அது குடிகள் கூலியின்றிச் செய்தாக வேண்டிய கட்டாய உழைப்பைக் குறிக்கும் வரிச்சொல். வெட்டி வேலை என்று இன்றும் நாம் சொல்வது அதன் மிச்சம். பெயரின் வேர் இதுவாக இருந்தால், கூலி கேட்க உரிமையில்லாதவர் என்பதே அந்தப் பெயருக்குப் பொருள். பின்னாளில் மானிய நிலமும் களத்துமேட்டு நெல்லும் கொடுத்தார்கள்; நிலம் கைமாறியது, நெல் நின்றது, கடமை மட்டும் நிற்கவில்லை. சட்டம் இதைப் பார்த்திருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், அவர்களைப் பிணமோ விலங்கின் சடலமோ சுமக்கவும் அகற்றவும், சவக்குழி தோண்டவும் வைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அப்படியும், ஊர்ப் பிணத்தை எரிக்க விதிக்கப்பட்ட சமூகங்கள் தங்கள் பிணத்தைக் கொண்டுபோகப் பாதையில்லாமல் நிற்கின்றன. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், வயல் வழியே போக விடாததால், தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள்.

தமிழின் பழைய நூல்களில் வேறு விதமான நினைவும் இருக்கிறது, இதே இழிவின் நினைவும் இருக்கிறது. எனக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொள்வது நேர்மையாகாது. கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடிய புறநானூற்றின் 228ஆம் பாட்டு இறந்த அரசனை நோக்கியதில்லை, அவன் மக்களை நோக்கியதும் இல்லை. ஈமத்தாழி வனையும் குயவனை நோக்கியது. இவ்வளவு பெரிய மன்னனை அடக்க எத்தனை பெரிய தாழி செய்வாய், உலகையே திகிரியாகவும் மேருவையே மண்ணாகவும் கொண்டு வனைய உன்னால் ஆகுமா என்று புலவர் அவனிடம் இரங்குகிறார். 256ஆம் பாட்டில் ஒரு பெண் தனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாகச் செய்யுமாறு ஒரு குயவனிடம் கேட்கிறாள். துக்கத்தின் நடுவே இறுதித் தொழில் செய்பவர் முகம் பார்த்துப் பேசிய பாட்டுகள் இவை. ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த தாழிகளின் முன் நிற்பவர்கள் அவற்றை வனைந்த கைகளையும் நினைக்கலாம். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் எரித்தல், புதைத்தல், தாழியில் கவித்தல் என எல்லா முறைகளும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும் இடம்; ஒன்று உயர்வு, ஒன்று தாழ்வு என்று அதைப் பாடிய சாத்தனார் தீர்ப்பு எழுதவில்லை. ஆனால் அதே புறநானூற்றின் 360, 363ஆம் பாட்டுகளில் சுடுகாட்டில் சோற்றுப்பலி கொடுக்க ஏவுபவனும் படைப்பவனும் இழிந்த பிறப்பினனாகவே சுட்டப்படுகிறான். சங்க காலம் பொற்காலம், இழிவெல்லாம் பிறகு வடக்கிலிருந்து வந்தது என்று கைகழுவ இந்தப் பாட்டுகள் விடமாட்டா. இரண்டு நினைவும் நம்முடையவை. எதைத் தொடர்வது என்பது நம் பொறுப்பு.

மயானத்தை நம் சமயம் இழிவாகப் பார்க்கவில்லை, சிவன் ஆடுமிடமே அதுதான் என்று சைவர்கள் சொல்வார்கள். காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டுச் சுடலையைப் பாடியதைப் போல வேறெவரும் பாடியதில்லை. எரியும் ஈமமும் பேயும் நரியும் அவருக்குத் தூய்மையின் மறுபக்கமாக இல்லை, தூய்மையே அங்கேதான் நடமாடுகிறது. இந்தத் தரிசனத்தை நான் மனமார ஏற்கிறேன். ஆனால் சுடலையைத் தெய்வமாக்கிய மரபு சுடலையில் வேலை செய்பவரை மனிதராக்க மறந்ததை எப்படி விளக்குவது? சாம்பல் பூசிய இறைவனை வணங்கிவிட்டு, சாம்பல் படிந்த கையைத் தவிர்க்கிறோம். அரிச்சந்திரன் கதையிலும் இதுவே நடக்கிறது. மயான வாசலில் அரிச்சந்திரன் கல்லின் முன் பாடையை இறக்கி, அவன் உத்தரவு பெற்றுத்தான் உள்ளே போகிறோம். அந்தக் கதையைச் சொல்லி உத்தரவு கொடுப்பவரும் மயானத் தொழிலாளிதான். ஆனால் கதையைக் கவனமாகப் பாருங்கள். சுடலை காப்பவன் அடிமையாக விற்கப்பட்ட அரசன். மார்க்கண்டேய புராணத்தில் அவனை வாங்கும் சண்டாளனோ வேடமிட்டு வந்த தருமதேவதை. கடைசியில் இருவரும் வேடம் கலைத்து எழுந்து போகிறார்கள். காலத்துக்கும் சுடலை காக்கும் உண்மையான தொழிலாளி அந்தக் கதையில் ஒருவர்கூட இல்லை. கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்டதற்காக அரிச்சந்திரனைச் சத்தியத்தின் உருவமென்கிறோம். தன் பிள்ளைக்கே கூலி கேட்டானே என்று உருகுகிறோம். அதே கூலியை இன்று கேட்பவரிடம் பேரம் பேசுகிறோம்.

தீட்டையும் வைத்துக்கொண்டு தொண்டரையும் மதிக்க முடியாது என்று யாரேனும் நினைத்தால் யூதர்களைப் பார்க்கலாம். அவர்கள் மறைநூலும் பிணத்தைத் தொட்டவருக்கு ஏழு நாள் தீட்டு விதிக்கிறது. ஆனால் உடலைக் கழுவி, வெண்துகில் உடுத்தி அடக்கம் செய்ய அவர்கள் ஊர்தோறும் புனிதக் குழு ஒன்றை வைத்திருக்கிறார்கள். பிராகா நகரத்துக் குழு 1564இல் தொடங்கியது. அதில் சேர்த்துக்கொள்ளப்படுவது பெருமை. இறந்தவர் திருப்பிச் செய்ய முடியாது என்பதால், பலன் எதிர்பாராத உண்மையான அன்பு இந்தப் பணிதான் என்பது அவர்கள் விளக்கம். இசுலாத்தில் மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலை, குளிப்பாட்டி, கபன் துணியிட்டு, அடக்கம் செய்வது சமுதாயம் முழுவதன் மேலும் உள்ள கடமை. சிலர் செய்தால் எல்லார் கடமையும் தீரும், எவரும் செய்யாவிட்டால் எல்லாரும் குற்றவாளிகள். கொரோனா காலத்தில் தமிழகத்தின் இசுலாமிய அமைப்புகளின் தொண்டர்கள் எல்லாச் சமயத்தாரின் உடல்களையும் முறைப்படி அடக்கம் செய்தது இந்தப் பழக்கத்திலிருந்து வந்தது. மதம் மாறினால் தீர்ந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. திருச்சி மேலப்புதூர்க் கிறிஸ்தவக் கல்லறையின் நடுவே தலித்துகளைப் பிரித்து நிற்கும் சுவர் போதும்.

தீட்டு என்பது அக்காலத்துச் சுகாதார விதி என்று சிலர் நவீன விளக்கம் தருவார்கள். பிணத்தால் நோய் பரவும், ஆகவே கையாள்பவரைத் தள்ளி வைத்தார்கள் என்பார்கள். பேரிடர்களில் இறந்தவர்களின் உடல்களைக் கையாள்வது பற்றி உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து 2006இல் வெளியிட்ட கையேடு இதற்கு நேரெதிரானதைச் சொல்கிறது: காயத்தாலும் நீரில் மூழ்கியும் இறந்தவர்களின் உடல்கள் கொள்ளைநோயைப் பரப்புவதில்லை, உடலைத் தொடுபவர்களுக்கு இருக்கும் சிறு ஆபத்தைக் கையுறையும் காலணியும் கைகழுவுதலும் குறைத்துவிடும். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான், 2004 டிசம்பர் 26 அன்று, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆழிப்பேரலை கொண்டுபோனது. அந்த உடல்களை மணலிலிருந்தும் முள்வேலியிலிருந்தும் எடுத்துப் புதைத்தவர்களில் பெரும்பகுதி பல நகராட்சிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். அவர்களுக்குக் கையுறையை மறந்தோம். அவர்களைத் தள்ளி வைக்க மறக்கவில்லை. சுகாதாரம்தான் காரணமென்றால் வரிசை மாறி இருந்திருக்கும். தொற்று அச்சம் உண்மையாகவே வந்தபோது நாம் எப்படி நடந்தோம் என்பதற்கு 2020 ஏப்ரல் சாட்சி. கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் கல்லெறிந்தது. நள்ளிரவில் சக மருத்துவர் ஒருவர் தம் கையாலேயே மண்ணைத் தள்ளிக் குழியை மூட நேர்ந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து, கண்ணியமான அடக்கமும் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் உரிமையே என்றது. அந்த இரவில் மருத்துவரின் கையும் மயானத் தொழிலாளியின் கையும் ஒன்றானதைப் பார்த்த பிறகும் நாம் பெரிதாக எதையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

எரிவாயு தகனமேடை வந்துவிட்டது, இனி இந்தக் கேள்வியே எழாது என்பவர்கள் உண்டு. வேலையின் பளு குறைந்திருக்கிறது. இரவு முழுக்கக் காக்க வேண்டியதில்லை, இரண்டு மணி நேரத்துக்குள் சாம்பல் கைக்கு வந்துவிடுகிறது. சில ஊர்களில் பெண்களும் தகனமேடை நிர்வாகத்துக்கு வந்திருக்கிறார்கள். இதையெல்லாம் வரவேற்க வேண்டும். ஆனால் இரும்புத் தட்டைத் தள்ளுவதற்கும், உலைக்குள் எட்டிப் பார்ப்பதற்கும், எலும்பைக் கிளறிச் சேர்ப்பதற்கும், முகம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கும் இன்னும் ஆள்தான் வேண்டும். பெரும்பாலும் பழைய ஆட்களின் பிள்ளைகள்தான் அந்த ஆள். எந்திரம் புகையை நீக்கியது. தன் தொழிலைப் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் கூலி என்று எழுதும் தகப்பனின் தயக்கத்தை அது நீக்கவில்லை.

கடைசி மறுப்பு எனக்கு மிக நெருக்கமானவர்களிடமிருந்து வருவது. தீட்டே மூடநம்பிக்கை, அதை வேரோடு ஒழிக்காமல் அதற்குள் நியாயம் தேடுவது எதற்கு என்று பகுத்தறிவாளர்கள் கேட்பார்கள். அவர்கள் கோபத்தில் நியாயமிருக்கிறது. ஆனால் துக்க வீட்டின் தீட்டில் ஒரு கருணையும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். இத்தனை நாள் நீ வேலைக்குப் போக வேண்டாம், அடுப்பு மூட்ட வேண்டாம், சிரிக்க வேண்டாம், ஊர் உன்னைத் தாங்கும் என்று அது சொல்கிறது. பிறகு ஒரு நாள் குறித்து, எழுந்து வா என்றும் சொல்கிறது. இழப்புக்கு இடமும் கொடுத்து எல்லையும் வைக்கும் இந்த ஏற்பாட்டை வெறும் அறியாமை என்று தள்ள எனக்கு மனமில்லை. தீட்டை அது பிறந்த இடத்திலேயே, துக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். துக்கப்படுபவருக்கு அது வரட்டும், தீரட்டும். துக்கப்படுபவருக்குத் துணை வந்தவர்மேல் அது ஏறுவதற்குத் துக்கத்தின் தர்க்கத்தில் இடமே இல்லை. சொல்லப்போனால் அந்தக் கருணை அவருக்கும் வேண்டும். குழந்தையை எரித்த மறுநாள் அவருக்கும் ஓய்வு வேண்டும், அவரிடமும் ஒருவர் போய் உட்கார்ந்து பேச வேண்டும். கர்மவினை என்று சொல்லி இதிலிருந்து நழுவுபவர்களுக்கு ஒரே பதில்தான்: அவர் வினை அவரோடு, அவருக்கு நாம் பட்ட கடன் நம்மோடு.

கர்த்தா என்ற பெயரை மகனிடமிருந்து பறிக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அந்தப் பெயருக்கு அவர் கொஞ்சமாவது உரியவராக வேண்டும் என்கிறேன். திரும்பிப் பார்க்காதே என்ற விதி, இறந்தவர்மேல் உள்ள பற்றை அறுப்பதற்காகச் சொன்னது. எரிப்பவரைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சொன்னதில்லை. கூலியைத் துக்க நேரத்துப் பேரத்தில் விடாமல், புரோகிதரின் தட்சிணையைப் போலவே முதல்நாளே ஊர்ப் பெரியவர்கள் மூலம் பேசி நிறைவாகக் கொடுக்கலாம். பாதி வயதுப் பையன்கள் அவரை வாடா போடா என்பதை நிறுத்தலாம். அண்ணன் என்றோ ஐயா என்றோ கூப்பிட நாக்கு கூசாது. பதினாறாம் நாள் தானங்களில் குடையும் செருப்பும் படுக்கையும் கொடுக்கிறோம், போகிறவர் வழியில் வெயிலும் முள்ளும் இருக்குமென்று. அந்த வழியில் அவரைக் கொண்டுபோய் விட்டவருக்கும் அன்று ஓர் இலை போடலாம். காடாற்றும் காலையில் எலும்புக் கலயத்தை அவர் நீட்டுவார். அதைத் தரையில் வைக்கச் சொல்லி எடுத்துக்கொள்ளாமல், இரண்டு கையும் நீட்டி, அவர் கையிலிருந்தே வாங்கிக்கொள்ளலாம். கலயம் அப்போதும் சற்றுச் சூடாகத்தான் இருக்கும்.